பழைய பேஸ்பால் வீரரின் ஃபீல்டிங் கணக்கைப் படிப்பது எப்படி

அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் வரலாற்றில் அதிக எரர் (ஃபீல்டர் கோட்டை விட்டதாகப் போடும் குறி) செய்தவர் யார் என்று தேடினால் ஹெர்மன் லாங் என்ற பெயர் வரும். 1889 முதல் 1904 வரை, பெரும்பாலும் பாஸ்டன் அணிக்காக ஷார்ட்ஸ்டாப் இடத்தில், அதாவது செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே நின்று ஆடியவர். மொத்தம் 1,096 எரர். பார்த்தவுடனே ‘இந்த ஆளை எப்படி டீமில் வைத்திருந்தார்கள்’ என்றுதான் தோன்றும். ஆனால் அவர் காலத்து ஆட்கள் அவரை நல்ல ஷார்ட்ஸ்டாப் என்றுதான் மதித்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஆயிரம் எரர் செய்ய வேண்டுமானால் அத்தனை வருஷம் உங்களை அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்க ஒரு டீம் வேண்டும், அத்தனை பந்துகளை எட்டிப் பிடிக்க முயன்றிருக்கவும் வேண்டும்.

அதனால் ஒரு பழைய வீரரின் ஃபீல்டிங் பக்கத்தைத் திறந்ததும் நேராக எரர் கட்டத்துக்கோ சதவீதக் கட்டத்துக்கோ ஓடாதீர்கள். அவை இரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. எந்த இடத்தில் நின்றார், எத்தனை ஆட்டம், எத்தனை பந்து அவரிடம் வந்து அவுட்டாக முடிந்தது, அது அந்த வருஷத்துக்கு, அந்த மைதானத்துக்கு, அந்த பிட்சர்களுக்கு (பேட்டருக்குப் பந்து எறிபவர்கள்) அதிகமா குறைவா என்ற வரிசையில் போனால்தான் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆள் தெரிவார்.

முதலில் கட்டங்களின் பொருள். புட்அவுட் என்பது அவுட்டை முடித்து வைத்தவருக்குப் போகும்: பந்தை வானத்தில் பிடித்தவர், பேஸை மிதித்தவர், ரன்னரைத் தொட்டவர். அசிஸ்ட் என்பது அந்த அவுட்டுக்காகப் பந்தை எறிந்தோ திருப்பியோ விட்டவருக்கு. எரர் என்பது சாதாரண முயற்சியில் முடித்திருக்க வேண்டியதைக் கோட்டை விட்டதற்கு, மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர் போடும் குறி. டபுள் பிளே, அதாவது ஒரே அடியில் இரண்டு அவுட், தனிக் கட்டம். புட்அவுட்டையும் அசிஸ்ட்டையும் கூட்டி, அதே கூட்டலோடு எரரையும் சேர்த்த மொத்தத்தால் வகுத்தால் ஃபீல்டிங் சதவீதம். சதவீதம் என்று பெயர்தானே தவிர .971 என்று புள்ளியில் தொடங்கித்தான் எழுதுவார்கள்.

பழைய ஸ்கோர் தாள்களைப் பார்த்தால் இடங்களுக்கு எண் இருக்கும்: பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் 4, தேர்ட் 5, ஷார்ட்ஸ்டாப் 6, அப்புறம் லெஃப்ட், சென்டர், ரைட் ஃபீல்டு முறையே 7, 8, 9. ‘6-4-3’ என்று எழுதியிருந்தால் பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் போய், அவர் செகண்ட் பேஸ்மேனுக்கு எறிந்து, அவர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்த டபுள் பிளே. இதில் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஒரு அசிஸ்ட், செகண்ட் பேஸ்மேனுக்கு ஒரு புட்அவுட்டும் ஒரு அசிஸ்ட்டும், ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு ஒரு புட்அவுட். டபுள் பிளே கணக்கு மூவருக்கும் ஒவ்வொன்று. இதை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு எந்தக் கட்டமும் குழப்பாது.

கிரிக்கெட் ஸ்கோர்கார்டு பார்த்து வளர்ந்த நமக்கு இந்த எரர் என்பதுதான் புதிது. நம் ஸ்கோர்கார்டில் விட்ட கேட்ச்சுக்கு இடமே கிடையாது, இவர்கள் அதையும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுதி வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த பாக்ஸ் ஸ்கோர் முறையை வளர்த்ததில் முக்கியமானவரான ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்கப் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதியவர். எரரின் எண்ணிக்கையை வைத்து ஃபீல்டரை எடை போடுவது தப்பு, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை அவுட்டில் பங்கு பெற்றார் என்று பாருங்கள் என்று 1870களிலேயே சொன்னவரும் அவர்தான். ஒரு நூற்றாண்டு கழித்து பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் அதே கணக்கை ‘ரேஞ்ச் ஃபேக்டர்’ என்ற பெயரில் திரும்பக் கொண்டு வந்தார்.

ரேஞ்ச் ஃபேக்டர் போடுவது சுலபம்: புட்அவுட்டையும் அசிஸ்ட்டையும் கூட்டி, ஆடிய ஆட்டங்களால் வகுக்க வேண்டும். அந்த இடத்தில் நின்ற இன்னிங்ஸ் எத்தனை என்று தெரிந்தால் இன்னும் நல்லது, 9 இன்னிங்ஸுக்கு எவ்வளவு என்று போடலாம். பழைய சீசன்களில் பெரும்பாலும் அது கிடைக்காது, ஆட்ட எண்ணிக்கையை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ஒரு ஜோடியை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். ஆஸி ஸ்மித், ஷார்ட்ஸ்டாப்பாக 2,511 ஆட்டங்கள், 4,249 புட்அவுட், 8,375 அசிஸ்ட், 281 எரர். சதவீதம் .978. ஒமர் விஸ்கெல், அதே இடத்தில் 2,709 ஆட்டங்கள், 4,102 புட்அவுட், 7,676 அசிஸ்ட், 183 எரர். சதவீதம் .985. சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டால் விஸ்கெல்தான் மேல் என்று பேச்சை முடித்துவிடலாம். இப்போது ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: ஸ்மித்துக்கு 5.03, விஸ்கெலுக்கு 4.35. கிட்டத்தட்ட 200 ஆட்டம் குறைவாக ஆடியும் ஸ்மித் 700 அசிஸ்ட் கூடுதலாக வைத்திருக்கிறார். விஸ்கெல் கைக்கு வந்ததை விடவே மாட்டார், ஸ்மித்தின் கைக்கோ வேறு யாருக்கும் வராத பந்தும் வந்தது.

இங்கேயே நின்றுவிடக் கூடாது, ஏனென்றால் இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஸ்மித் 1978 முதல் 1996 வரை நேஷனல் லீக்கில் மட்டும் ஆடியவர். 1980 வாக்கில் அங்கே ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஸ்ட்ரைக்அவுட் (பந்து ஃபீல்டர்களிடம் போகாமல் பிட்சரே எடுக்கும் அவுட்) 5 சொச்சம்தான். விஸ்கெல் 1989 முதல் 2012 வரை, பெரும்பகுதி அமெரிக்கன் லீக்கில்; அவருடைய நடுக்காலத்தில் அது 6ஐத் தாண்டிவிட்டது. ஓர் ஆட்டத்துக்கு 27 அவுட் என்பது மாறாது, அதில் ஸ்ட்ரைக்அவுட் ஒன்று கூடினால் ஃபீல்டர்களுக்கு மிஞ்சுவது ஒன்று குறையும். 22 அவுட்டில் ஒன்று போனால் ஏறக்குறைய 5 சதவீதம், அதாவது ஷார்ட்ஸ்டாப்புக்கு ஆட்டத்துக்குக் கால் அவுட் அளவுக்கு. வித்தியாசம் 0.68 இருக்கும்போது இது மூன்றில் ஒரு பங்கைத்தான் விளக்குகிறது. விஸ்கெல் கடைசி வருஷங்களில் ஆட்டத்தின் நடுவில் இறங்கியதும் உண்டு, அதற்கும் கொஞ்சம் கழியுங்கள். எல்லாம் கழித்த பிறகும் ஸ்மித் மேலேதான் நிற்பார் என்பது என் கணிப்பு. வேண்டுமானால் வருஷவாரியாகப் போட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி. 1980ஆம் வருஷ வரியைத் தவறாமல் பாருங்கள்: 621 அசிஸ்ட், ஷார்ட்ஸ்டாப்புக்கு ஒரே சீசனில் இன்றுவரை அதுதான் உச்சம். அந்த வருஷம் அவர் செய்த எரர் 24. சிறந்த ஃபீல்டர்களுக்குக் கொடுக்கும் கோல்டு கிளவ் விருதை முதலில் வாங்கியதும் அந்த வருஷம்தான்.

அடுத்தது, ஒப்பிடும்போது வருஷத்தைத் தாண்டாதீர்கள். 1880களில் ஒரு லீக்கின் மொத்த சராசரியே .900ஐச் சுற்றித்தான் இருந்தது. இன்று அது .980க்கு மேல். மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்பதில்லை, கையில் இருந்தது மாறிவிட்டது. பிட் மெக்ஃபீ என்று சின்சினாட்டியின் செகண்ட் பேஸ்மேன், 1882இல் ஆரம்பித்து 1896 வரை வெறுங்கையாலேயே பிடித்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் கிளவ் போட்ட பிறகும் மனிதர் அசையவில்லை. 1886இல் அவர் செய்த 529 புட்அவுட் இன்றும் செகண்ட் பேஸ்மேன்களில் ஒரு சீசன் சாதனை. வெறுங்கையோடு! விரலில் அடிபட்டு 1896இல் கிளவ் மாட்டியதும் அவருடைய சதவீதம் ஒரேயடியாக ஏறியது. மைதானங்களும் அப்போது மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தன. ஆகவே .910 என்ற எண்ணைப் பார்த்தால் உடனே அந்த வருஷம் அந்த லீக்கில் அதே இடத்தில் ஆடிய மற்றவர்களின் சராசரியைத் தேடுங்கள். சராசரி .890 என்றால் உங்கள் ஆள் கெட்டிக்காரர்.

இடத்துக்கு இடம் எந்தக் கட்டத்தை நம்புவது என்பதும் மாறும். ஃபர்ஸ்ட் பேஸ்மேனின் புட்அவுட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம், மற்றவர்கள் எறிந்ததைப் பிடித்த கணக்கு அது. ஜேக் பெக்லி 23,000க்கு மேல் புட்அவுட் வைத்து முதலிடத்தில் இருப்பது அவர் எத்தனை காலம் ஆடினார் என்பதைத்தான் சொல்கிறது. சரி, அசிஸ்ட்டைப் பார்ப்போம் என்றால் அங்கேயும் ஒரு பொறி. 1985இல் பில் பக்னர் ஃபர்ஸ்ட் பேஸில் 184 அசிஸ்ட் செய்து சாதனை படைத்தார், 2009இல் ஆல்பர்ட் புஹோல்ஸ் 185 செய்யும்வரை அது நின்றது. பக்னர் அவ்வளவு சுறுசுறுப்பா என்றால், விஷயம் நேர்மாறு. கணுக்கால் போயிருந்தது. பந்தை எடுத்ததும் தானே ஓடிப் போய் பேஸை மிதிக்காமல், ஓடிவரும் பிட்சருக்குத் தட்டிவிடுவார். மிதித்திருந்தால் அது அசிஸ்ட் இல்லாத புட்அவுட், தட்டிவிட்டால் அசிஸ்ட். கால் வலியே சாதனை ஆகிவிட்டது. (அடுத்த வருஷம் உலகத் தொடரில் அதே மனிதரின் கால்களுக்கு நடுவே பந்து போனதைத்தான் ஊர் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.)

கேட்சரின் புட்அவுட்டும் அப்படித்தான், ஸ்ட்ரைக்அவுட் எல்லாம் அவர் கணக்கில் விழும். 1973இல் நோலன் ரயன் 383 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார் என்றால் அந்த வருஷம் ஏஞ்சல்ஸ் கேட்சர்களின் எண் எப்படி வீங்கியிருக்கும் என்று நீங்களே யூகிக்கலாம். கேட்சருக்கு அசிஸ்ட், பாஸ்டு பால் (பிடித்திருக்க வேண்டிய பந்தை நழுவ விட்டது), அடுத்த பேஸைத் திருட ஓடியவர்களில் எத்தனை பேரைப் பிடித்தார் என்பவை போதும். பிட்சரின் ஃபீல்டிங்கில் வாய்ப்புகளே குறைவு, ஒரு வருஷத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தேர்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ் மூன்றுக்கும் அசிஸ்ட்தான் முதுகெலும்பு. புரூக்ஸ் ராபின்சன் தேர்ட் பேஸில் 2,870 ஆட்டங்கள், 2,697 புட்அவுட், 6,205 அசிஸ்ட், 263 எரர். 8,902ஐ 9,165ஆல் வகுத்தால் .971. இந்த மாதிரி ஒருமுறை நீங்களே வகுத்துச் சரிபார்ப்பது நல்ல பழக்கம், தளத்தில் எண் தட்டச்சுப் பிழையாக இருந்தால் அங்கேயே பிடிபடும். டபுள் பிளே எண்ணைப் பார்க்கும்போது மட்டும் கவனம்: ஃபர்ஸ்ட் பேஸில் ரன்னர் நின்றால்தான் அது நடக்கும், மோசமான பிட்சர்கள் இருந்தால் ரன்னருக்குப் பஞ்சமே இராது. பில் மஸரோஸ்கியின் 1,706 டபுள் பிளே அந்தச் சந்தேகத்தையெல்லாம் தாண்டி நிற்கும் எண். ஆனால் எல்லோருக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது.

அவுட்ஃபீல்டருக்கு அசிஸ்ட் என்றால் ஓடும் ரன்னரை எறிந்து வீழ்த்தியது, பார்க்க அழகான விஷயம், அதனாலேயே ஏமாற்றும். 1930இல் சக் க்ளைன் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸுக்காக ரைட் ஃபீல்டில் 44 அசிஸ்ட் செய்தார். 1900க்குப் பிறகு அதுதான் உச்சம். அவர் ஆடிய பேக்கர் பவுல் மைதானத்தில் ரைட் ஃபீல்டு சுவர் வெறும் 280 அடியில், அதுவும் நெட்டையான சுவர். அடித்த பந்து சுவரில் மோதித் திரும்பி வந்து அவர் கையில் விழும், பக்கத்திலேயே நின்று எறிவார். அத்தோடு அந்த வருஷ ஃபிலீஸ் பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.71 எர்ன்டு ரன் (எரரால் வராமல் பிட்சர் கணக்கில் விழும் ரன்) கொடுத்த புண்ணியவான்கள், அணி 102 ஆட்டம் தோற்றது. பேஸ்களில் எந்நேரமும் ஆள். எறிந்து வீழ்த்த ஆள் இருந்தார்கள், தூரமும் குறைவு. க்ளைனின் கை நல்ல கைதான், ஆனால் அந்த 44இல் சுவருக்கும் பிட்சர்களுக்கும் எவ்வளவு பங்கு என்று கேட்காமல் விடக் கூடாது. இன்னும் பின்னால் போனால் 1879இல் ஆரேட்டர் ஷேஃபர் 80 சொச்சம் ஆட்டங்களே நடந்த சீசனில் 50 அசிஸ்ட். அந்தக் காலத்து அவுட்ஃபீல்டர்கள் கிட்டத்தில் நின்று, தரையில் வந்த பந்தை எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கே எறிந்து பேட்டரை அவுட் செய்வார்கள். டிரிஸ் ஸ்பீக்கர் சென்டர் ஃபீல்டில் அப்படி முன்னால் வந்து நின்றே வாழ்நாளில் 449 அசிஸ்ட் சேர்த்தார்.

மைதானத்தையும் பிட்சர்களையும் கழிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே அணியில் அதே வருஷம் அதே இடத்தில் நின்ற மாற்று வீரர் யார் என்று பாருங்கள். சுவர் ஒன்றே, பிட்சர்களும் அவர்களே. நம் ஆளுக்கு ஆட்டத்துக்கு 5.4, மாற்று ஆளுக்கு 5.3 என்றால் பெருமை பெரும்பாலும் அணிக்கு. 5.4க்கு எதிரே 4.6 என்றால் விஷயம் இருக்கிறது. மாற்று ஆள் ஆடியது பத்து இருபது ஆட்டம்தான் என்றால் ஒரே வருஷத்தில் நிற்காமல் நாலைந்து வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள். இடது கை பிட்சர்கள் அதிகம் உள்ள அணிக்கு எதிராக மற்ற அணிகள் வலது கை பேட்டர்களை அதிகம் இறக்கும், பந்து ஷார்ட்ஸ்டாப், தேர்ட் பேஸ் பக்கம் கூடுதலாகப் போகும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விருதுகளைச் சான்றாக எடுக்காதீர்கள், துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோல்டு கிளவ் 1957இல்தான் ஆரம்பித்தது, அதற்கு முந்தையவர்களுக்கு அது இல்லாதது குறையே அல்ல. 1999இல் ரஃபேல் பல்மேரோ ஃபர்ஸ்ட் பேஸில் வெறும் 28 ஆட்டம் நின்று அமெரிக்கன் லீக் கோல்டு கிளவ் வாங்கினார், மீதி நாளெல்லாம் பேட் மட்டும் பிடித்தார். ஓட்டுப் போட்ட மேனேஜர்களும் பயிற்சியாளர்களும் பழைய ஞாபகத்தில் குத்திவிட்டார்கள் போல.

எண்களை எங்கே எடுப்பது? வருஷவாரி மொத்தத்துக்கு பேஸ்பால் ரெஃபரன்ஸ் போதும். ஆட்டவாரியாக வேண்டுமானால் ரெட்ரோஷீட், 1989இல் டேவிட் ஸ்மித் என்ற உயிரியல் பேராசிரியர் தொடங்கியது, தன்னார்வலர்கள் பழைய ஸ்கோர் தாள்களைத் தேடி எடுத்துப் ஒவ்வொரு பேட்டருக்கும் என்ன நடந்தது என்று ஏற்றி வைத்திருக்கிறார்கள், இலவசம். மொத்தமாக எக்செலில் போட்டு அலச வேண்டுமானால் லாமன் தரவுத்தளம். அதில் ஃபீல்டிங் என்ற அட்டவணையில் வீரர், வருஷம், அணி, இடம் என்று ஒவ்வொரு வரி. வருஷ நடுவில் அணி மாறியவருக்கு இரண்டு வரி இருக்கும், கூட்ட மறக்காதீர்கள். அவுட்ஃபீல்டு மொத்தம் ஒரு வரியாக வரும், லெஃப்ட், சென்டர், ரைட் தனித்தனியாக வேறு அட்டவணையில் இருக்கும். மூன்றின் ஆட்டங்களைக் கூட்டினால் மொத்தத்தை விட அதிகமாக வரலாம், ஒரே ஆட்டத்தில் இடம் மாறி நின்றிருப்பார், அது பிழை இல்லை.

ஆட்டக் காட்சி இல்லாத காலத்துக்கு ‘டோட்டல் ஸோன்’ என்ற மதிப்பீடு பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் இருக்கும், எத்தனை ரன் காப்பாற்றினார் என்று சொல்லும். மதிப்பீடு என்ற அளவில் நல்லதுதான். ஆனால் ஒரு சீசனில் 4 ரன் கூடுதல், 3 ரன் குறைவு என்று வைத்துச் சண்டை போடாதீர்கள், அந்த அளவு துல்லியம் அதற்குக் கிடையாது. பத்து வருஷம் தொடர்ந்து 10, 15 என்று வந்தால் நம்பலாம்.

இரண்டு இடங்களில் இரண்டு எண் இருந்தால் பதறாதீர்கள். டை காப் எத்தனை ஹிட் அடித்தார்? 4,191 என்பார் ஒருவர், 4,189 என்பார் இன்னொருவர். 1910ஆம் வருஷ லீக் பதிவேட்டில் ஓர் ஆட்டம் இரண்டு முறை ஏறியிருந்தது, அதில் அவருக்கு 2 ஹிட். ஆராய்ச்சியாளர் பீட் பாமர் அதைக் கண்டுபிடித்து 1981இல் செய்தி வெளியாகியும் அன்றைய கமிஷனர் போவி கூன் மாற்ற மறுத்துவிட்டார். கேப் ஆன்சனின் ஹிட் 3,435ஆ 3,011ஆ என்பது இன்னும் பெரிய இடைவெளி: 1871 முதல் 1875 வரை இருந்த நேஷனல் அசோசியேஷனைச் சேர்ப்பதா, 1887இல் வாக் (பிட்சரின் மோசமான பந்துகளால் பேட்டருக்குச் சும்மா கிடைக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்) எல்லாம் ஹிட்டாக எண்ணப்பட்டதை என்ன செய்வது என்று ஒவ்வொருவருக்கு ஒரு முடிவு. யார் எதைச் சேர்த்தார்கள் என்று பார்த்து, எந்த இடத்து எண் என்று கூடவே எழுதிவிடுங்கள். ஹிட்டுக்கே இந்தப் பாடு என்றால் யாரும் கவலைப்படாத அசிஸ்ட் கட்டம் எப்படி இருக்கும்! 1912 செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் பட்டியலில் லூ புராக்டர் என்று ஒருவர் ஒரே ஆட்டத்தோடு பல காலம் இருந்தார். பிறகு பார்த்தால் அப்படி ஒரு வீரரே இல்லை. செய்தி அனுப்பிய தந்தி ஊழியர் தன் பெயரையே நுழைத்துவிட்டார் என்பது கதை.

கடைசியாக நீக்ரோ லீக்குகள், அதாவது கறுப்பின வீரர்களுக்கெனத் தனியாக நடந்தவை. 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு லீக்குகளுக்கு 2020இல்தான் மேஜர் லீக் தகுதி கொடுத்தார்கள், 2024 மே மாதம் எண்களையும் சேர்த்தார்கள், ஜாஷ் கிப்சன் .372 என்ற வாழ்நாள் பேட்டிங் சராசரியோடு டை காப்பைத் தாண்டிப் போனார். ஆனால் அந்த எண்கள் கறுப்பினப் பத்திரிகைகளில் வந்த பாக்ஸ் ஸ்கோர்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவை, பேட்டிங் வரி கிடைத்த ஆட்டத்துக்குக்கூட புட்அவுட், அசிஸ்ட் அச்சாகாமல் போனது உண்டு. சீம்ஹெட்ஸ் தளத்தில் அந்த வீரர்களைப் பார்க்கும்போது பேட்டிங் ஆட்ட எண்ணிக்கையையும் ஃபீல்டிங் ஆட்ட எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபீல்டிங் விவரம் கிடைத்த ஆட்டங்களை மட்டும் வைத்து வகுங்கள், மொத்த ஆட்டங்களால் வகுத்தால் நல்ல ஷார்ட்ஸ்டாப்பும் சோம்பேறியாகத் தெரிவார். உங்கள் அட்டவணையில் காலியாக இருக்கும் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், 0 போடாதீர்கள். எக்செல் அதையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடும்.